ஐபெர்ஃப்3 வைத்து நெட்வொர்க் வேகத்தை அளப்பது எப்படி, வரும் எண்ணை எப்படிப் படிப்பது?

கேள்வி இதுதான்: "என்னுடையது 100 எம்பிபிஎஸ் இணைப்பு. ஸ்பீட் டெஸ்ட் தளங்களில் 95 வரை காட்டுகிறது, அதில் குறை இல்லை. ஆனால் கணினியிலிருந்து பக்கத்து அறையில் இருக்கும் ஃபைல் சர்வருக்குப் பெரிய ஃபைல் ஒன்றை அனுப்பினால் நொடிக்கு 11 எம்பிக்கு மேல் ஏற மாட்டேன் என்கிறது. இரண்டிலும் கிகாபிட் போர்ட்தான். ஐபெர்ஃப் ஓட்டிப் பார் என்கிறார்கள். அதை எப்படி ஓட்டுவது, வரும் எண்களை எப்படிப் புரிந்துகொள்வது?"

11 எம்பி என்று படித்ததுமே எனக்குச் சந்தேகம் கேபிள் மேல்தான் போகிறது. எம்பி என்பது பைட், எம்பிபிஎஸ் என்பது பிட்; ஒரு பைட்டுக்கு எட்டு பிட் என்ற கணக்கில் அது 90 எம்பிபிஎஸ்-ஐ ஒட்டிய வேகம். ஒரு 100 எம்பிபிஎஸ் லிங்க் முழுதாக நிரம்பினால் ஃபைல் காப்பியில் கிடைப்பது அவ்வளவுதான். டிஸ்க் மெதுவாக இருந்தால் எண் மேலும் கீழும் ஆடும். இப்படிக் கோடு கிழித்த மாதிரி ஒரே இடத்தில் நிற்காது. கிகாபிட் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கும் லிங்க் எங்கோ ஓரிடத்தில் 100-க்கு இறங்கியிருக்க வாய்ப்பு அதிகம். உங்கள் இன்டர்நெட் பிளானும் 100 என்பதால் ஸ்பீட் டெஸ்ட் இதைக் காட்டிக்கொடுக்கவில்லை. 500 எம்பிபிஎஸ் பிளானாக இருந்து, இறங்கியது உங்கள் கணினி பக்கத்து லிங்க் என்றால் முதல் நாளே பிடிபட்டிருக்கும்.

இது ஊகம். உறுதிப்படுத்தத்தான் ஐபெர்ஃப்.

ஐபெர்ஃப் செய்யும் வேலை மிகச் சின்னது. ஒரு கணினியில் சர்வராக உட்காரும், இன்னொன்றில் கிளையன்டாக ஓடும். கிளையன்ட் தன் நினைவகத்திலிருந்து அர்த்தமில்லாத பைட்டுகளை எடுத்து அள்ளி வீசும். சர்வர் வாங்கி, எண்ணிவிட்டு, தூக்கிப் போட்டுவிடும். டிஸ்க்கைத் தொடுவதில்லை, ஃபைல் சிஸ்டம் இல்லை, சம்பா போன்ற ஃபைல் பகிர்வு நெறிமுறை எதுவும் நடுவில் இல்லை. அதனால் வரும் எண் நெட்வொர்க்கைப் பற்றியது (கூடவே இரு முனைகளின் சிபியு பற்றியதும், அதற்குப் பிறகு வருகிறேன்). ஃபைல் காப்பியை வைத்து நெட்வொர்க்கை எடைபோடுவதில் உள்ள பெரிய குழப்பம் இதனால் நீங்கிவிடுகிறது.

இந்த யோசனை புதிதல்ல. பிங் கட்டளையை 1983-இல் எழுதிய மைக் மூஸ், டெர்ரி ஸ்லாட்டரியுடன் சேர்ந்து 1984-இல் டிடிசிபி என்ற கருவியைச் செய்தார். இன்று இருக்கும் இந்த வகைக் கருவிகளுக்கெல்லாம் அதுதான் மூத்தது. இப்போது நாம் பயன்படுத்தும் ஐபெர்ஃப்3, பழைய ஐபெர்ஃபைத் திருத்தியது அல்ல. அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தைச் சேர்ந்த ஈஎஸ்நெட் குழு முதல் வரியிலிருந்து புதிதாக எழுதியது. 2014-இல் வெளிவந்தது. ஐபெர்ஃப்2 இன்னொரு குழுவின் கையில் தனியாக வளர்ந்துகொண்டிருக்கிறது. இரண்டும் ஒன்றோடொன்று பேசாது. ஒரு பக்கம் 2, மறுபக்கம் 3 என்று போட்டுவிட்டு "கனெக்ட் ஆகவில்லை" என்று தலையைச் சொறிபவர்கள் நிறைய. இரண்டும் பேசும் போர்ட் எண்ணும் வேறு: 2-க்கு 5001, 3-க்கு 5201.

கட்டளைகளை நான் வாயால் சொல்லும் விதத்திலேயே எழுதுகிறேன். மைனஸ் என்று வரும் இடத்தில் அந்தக் கோட்டையும், பின்னால் வரும் எழுத்தை ஆங்கிலத்திலும் தட்டிக்கொள்ளுங்கள். சின்ன எழுத்தும் பெரிய எழுத்தும் வேறு வேறு பொருள் தரும் என்பதால், பெரிய எழுத்து வரும்போது தனியாகச் சொல்லிவிடுகிறேன்.

லினக்ஸில் உங்கள் பேக்கேஜ் மேனேஜரிலேயே ஐபெர்ஃப்3 இருக்கும். மேக்கில் ஹோம்ப்ரூ வழியாகப் போட்டுக்கொள்ளலாம். ஆண்ட்ராய்டில் டெர்மக்ஸ் என்ற டெர்மினல் ஆப்புக்குள்ளும் ஓடும். இரண்டு பக்கமும் நிறுவியபின் ஃபைல் சர்வரில் இதைத் தட்டுங்கள்:

ஐபெர்ஃப்3 மைனஸ் எஸ்

அது 5201 போர்ட்டில் காது கொடுத்துக் காத்திருக்கும். உங்கள் கணினியில்:

ஐபெர்ஃப்3 மைனஸ் சி 192.168.1.20

கடைசியில் இருப்பது சர்வரின் ஐபி முகவரி, உங்களுடையதைப் போட்டுக்கொள்ளுங்கள். பத்து நொடி ஓடும். நொடிக்கு ஒரு வரி வரும். கடைசியில் கோடு போட்டு இரண்டு வரி சுருக்கம்: ஒன்றின் முனையில் சென்டர், மற்றதன் முனையில் ரிசீவர் என்று இருக்கும். ரிசீவர் வரியைத்தான் நம்ப வேண்டும். சென்டர் வரி அனுப்பும் கணினி தன் பஃபரில் (தற்காலிக நினைவிடத்தில்) தள்ளிய கணக்கையும் சேர்த்துச் சொல்கிறது. போய்ச் சேர்ந்தது எவ்வளவு என்பது ரிசீவருக்குத்தான் தெரியும். பத்து நொடிச் சோதனையில் வித்தியாசம் சொற்பம்தான். மெதுவான லிங்கில், குறைந்த நேரம் ஓட்டினால் கண்ணுக்குத் தெரியும் அளவு வரும்.

இங்கே ஒரு பழக்கத்தை வலியுறுத்துவேன். என்டர் தட்டுவதற்கு முன்பே என்ன எண் வரவேண்டும் என்று தெரிந்து வைத்திருங்கள். அது தெரியாமல் ஓட்டினால் 600 வந்தாலும் "பரவாயில்லையே" என்று தோன்றும், 941 வந்தாலும் "ஏன் ஆயிரம் இல்லை?" என்று தோன்றும்.

941 எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடலாம், ஏனென்றால் இந்த எண்ணை நீங்கள் திரும்பத் திரும்பப் பார்க்கப் போகிறீர்கள். ஈதர்நெட்டில் ஒரு பாக்கெட் வழக்கமாக 1500 பைட். அதற்கு முன்னும் பின்னும் கேபிளில் கூடவே போவது 38 பைட்: ஈதர்நெட் ஹெடர் (முகவரித் தலைப்பு) 14, பிழைச் சரிபார்ப்புக்கு 4, தொடக்க அறிவிப்பாக 8, அடுத்த ஃபிரேமுக்கு முன் விடும் இடைவெளி 12. ஆக கேபிளில் செலவாவது 1538. அந்த 1500-க்குள்ளும் ஐபி ஹெடர் 20, டிசிபி (தரவு போய்ச் சேர்ந்ததை உறுதிப்படுத்திக்கொண்டே அனுப்பும் நெறிமுறை) ஹெடர் 20, அதன் நேரக் குறிப்பான டைம்ஸ்டாம்ப் 12 போய்விட்டால் உங்கள் தரவுக்கு மிஞ்சுவது 1448. 1448-ஐ 1538-ஆல் வகுத்தால் 0.9415. ஆயிரம் எம்பிபிஎஸ்-இல் 941. எனவே கிகாபிட்டில் 941 என்பது குறை இல்லாத, முழு வேகம். இதைவிட மேலே தேடி கேபிளை மாற்றுவது வீண் வேலை. ஐபிவி6 வழியாக ஓட்டினால் ஹெடர் 20 பைட் பெரிது. 928 வரும், அதுவும் முழு வேகமே. 100 எம்பிபிஎஸ் லிங்கில் 94.1. உங்கள் வழக்கில் 94-ஐ ஒட்டி வந்தால் கதை முடிந்தது: லிங்க் 100-இல் இருக்கிறது.

அப்படி வந்தால் ஐபெர்ஃபை மூடிவிட்டு லிங்க் வேகத்தைப் பாருங்கள். லினக்ஸில் ஈத்டூல் என்ற கட்டளைக்கு நெட்வொர்க் கார்டின் பெயரைக் கொடுத்தால் ஸ்பீட் என்ற வரியில் 1000 அல்லது 100 என்று இருக்கும். விண்டோஸில் அடாப்டரின் ஸ்டேட்டஸ் பெட்டியிலேயே தெரியும். இரண்டு கணினிகளிலும் பார்க்க வேண்டும். ஸ்விட்சில் போர்ட் விளக்கின் நிறம் மாறும் மாடல் என்றால் அதுவும் சொல்லிவிடும். 100 எம்பிபிஎஸ்-க்கு கேபிளுக்குள் இருக்கும் நான்கு ஜோடிக் கம்பிகளில் இரண்டு போதும். கிகாபிட்டுக்கு நான்கும் வேண்டும். 100-க்குத் தேவைப்படாத ஜோடியில் ஒரு கம்பி அறுந்திருந்தாலோ, பிளக்கில் கிரிம்ப் சரியாக விழாமல் இருந்தாலோ, பல நெட்வொர்க் சிப்புகள் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கி வேலையைத் தொடரும். இன்டர்நெட் வரும், எல்லாம் ஓடும், யாருக்கும் தெரியாது. மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும்.

வரும் வரிகளில் இரண்டு அலகு இருப்பதைக் கவனியுங்கள். டிரான்ஸ்ஃபர் என்ற பத்தி பைட்டில், பிட்ரேட் என்ற பத்தி பிட்டில். இரண்டும் ஒரே கணக்கு முறையும் அல்ல. பைட்டுக்கு 1024 அடுக்கு, பிட்டுக்கு 1000 அடுக்கு. அதனால்தான் பத்து நொடி 941 எம்பிபிஎஸ்-இல் ஓடியதற்கு 1.10 ஜிபி என்று காட்டும். கால்குலேட்டரில் போட்டால் 1.18 வரும். கருவி தப்பு செய்கிறது என்று பலர் இங்கேதான் நினைத்துக்கொள்கிறார்கள்.

அடுத்து திசை. எந்த விருப்பமும் கொடுக்காவிட்டால் கிளையன்ட் அனுப்பும், சர்வர் வாங்கும். அதாவது நீங்கள் பார்ப்பது கிளையன்டின் அப்லோட். டவுன்லோடு பார்க்க மைனஸ் பெரிய ஆர் சேர்க்க வேண்டும்; சர்வர் அனுப்பத் தொடங்கும். இரண்டு திசையையும் ஒரே சமயத்தில் நிரப்ப மைனஸ் மைனஸ் பைடிர் இருக்கிறது, 3.7 பதிப்பிலிருந்து. இரு திசையையும் பார்க்காமல் எந்த முடிவுக்கும் வராதீர்கள். ஒரு திசையில் 941, மறு திசையில் 300 என்று வருவது அரிதல்ல. அந்த வித்தியாசமே பாதி நோயைச் சொல்லிவிடும்: லிங்க் வேகம் இரு பக்கத்துக்கும் பொது என்பதால் அதை விட்டுவிட்டு ஒரு பக்கத்து டிரைவர், சிபியு, அல்லது டியூப்ளெக்ஸ் (ஒரே சமயத்தில் அனுப்பவும் வாங்கவும் முடியுமா என்ற) அமைப்பைத் தேடலாம். பெரிய ஆரில் இன்னொரு வசதியும் உண்டு. இணைப்பைத் தொடங்குவது எப்போதும் கிளையன்ட்தான் என்பதால், கிளையன்ட் ரவுட்டருக்குப் பின்னால் நேட்டில் (பல கணினிகள் ஒரே பொது முகவரியைப் பகிரும் ஏற்பாடு) ஒளிந்திருந்தாலும் இரண்டு திசையும் அளக்கலாம். போர்ட் ஃபார்வர்டு செய்யும் தொல்லை சர்வர் பக்கம் மட்டும்.

லினக்ஸிலிருந்து அனுப்பினால் இன்னும் இரண்டு பத்திகள் வரும்: ரெட்ர், சிவிண்ட். முதலாவது, தொலைந்துபோய் மறுபடி அனுப்பப்பட்ட டிசிபி துண்டுகளின் எண்ணிக்கை. இரண்டாவது, டிசிபி ஒரே மூச்சில் ஒப்புதல் வராமல் அனுப்பத் துணியும் அளவு. நல்ல கேபிளில் ரெட்ர் பூஜ்ஜியம் அல்லது அதை ஒட்டி இருக்கும். தொடக்க நொடியில் சில பத்துகள் வந்து பிறகு பூஜ்ஜியம் என்றால் கவலை வேண்டாம். டிசிபி தன் எல்லையைத் தடவிப் பார்க்கிறது. எல்லா நொடியிலும் வந்துகொண்டே இருந்தால் நடுவில் ஏதோ ஒன்று பாக்கெட்டைக் கீழே போடுகிறது. சராசரி வேகத்தைவிட இந்தப் பத்தியைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

முனைகளின் சிபியு பற்றிச் சொல்கிறேன் என்றேன். முடிவுகளில் சந்தேகம் வந்தால், ஒரே கணினியில் சர்வரையும் கிளையன்டையும் ஓட்டி 127.0.0.1-க்கு அளந்து பாருங்கள். இன்றைய சாதாரண கணினியில் பல பத்து ஜிபிபிஎஸ் வரும். சின்ன போர்டுகளில் அந்த அளவு வராது, அங்கேதான் எச்சரிக்கை தேவை. ராஸ்பெர்ரி பை 3 பி பிளஸ்ஸில் கிகாபிட் போர்ட் என்று எழுதியிருக்கும். ஆனால் உள்ளே அது யுஎஸ்பி 2.0 வழியாகப் போகிறது, 300 எம்பிபிஎஸ்-க்கு மேல் ஏறாது. பை 4-இல்தான் உண்மையான கிகாபிட். இதே காரணத்தால் யுஎஸ்பி 2.0 துளையில் செருகிய நெட்வொர்க் அடாப்டரும் கிகாபிட் தராது, பெட்டியில் என்ன அச்சடித்திருந்தாலும்.

ரவுட்டருக்குள்ளேயே ஐபெர்ஃபைப் போட்டு ஓட்டுவது இன்னொரு பொறி. பாக்கெட்டை இந்தப் போர்ட்டிலிருந்து அந்தப் போர்ட்டுக்குத் தள்ளும் வேலைக்கு ரவுட்டரில் தனி வன்பொருள் இருக்கும். தானே டிசிபி பேசி பைட்டுகளை உருவாக்கும் வேலை அதன் நோஞ்சான் சிபியு மேல் விழுகிறது. கிகாபிட்டை அலட்டாமல் கடத்திவிடும் ரவுட்டர், ஐபெர்ஃப் சர்வராக 250 காட்டி உங்களை ஏமாற்றும். ரவுட்டரை அளக்க வேண்டுமென்றால் அதன் இரு பக்கமும் இரண்டு கணினிகளை வைத்து, நடுவே அதை விட்டுவிடுங்கள்.

வைஃபையில் எதிர்பார்க்கும் எண்ணே வேறு. கார்டு 866 எம்பிபிஎஸ் லிங்க் என்று காட்டினால் ஐபெர்ஃபில் அதில் பாதியிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு வரை வந்தால் திருப்திப்படலாம். காற்று ஒன்றுதான், ஒருவர் பேசும்போது மற்றவர் காத்திருக்க வேண்டும், ஒவ்வொரு தொகுப்புக்கும் ஒப்புதல் வாங்க வேண்டும். நொடிக்கு நொடி எண் ஆடுவதும் இயல்பு. ஆகையால் வைஃபைக்குப் பத்து நொடி போதாது. மைனஸ் டி 60 போட்டு ஒரு நிமிடம் ஓட்டி, வரிகளின் ஏற்ற இறக்கத்தைப் பாருங்கள். முக்கியமாக, மறு முனை கேபிளில் இருக்கட்டும். இரண்டும் வைஃபையில் இருந்தால் ஒவ்வொரு பாக்கெட்டும் அதே காற்றை இரண்டு முறை பயன்படுத்துகிறது, எண் பாதியாகிவிடும்.

இதுவரை ஒரே கட்டடத்துக்குள். தூரத்தில் இருக்கும் சர்வரோடு அளக்கப் போனால் விளையாட்டின் விதியே மாறுகிறது, பலர் சறுக்குவதும் அங்கேதான்.

டிசிபி அனுப்பியதற்கு ஒப்புதல் வரும்வரை ஓர் அளவுக்குமேல் அனுப்பாது. அந்த அளவுதான் விண்டோ. பாக்கெட் போய் ஒப்புதல் திரும்பி வர 100 மில்லி நொடி ஆகிறது என்று வையுங்கள். ஒரு ஜிபிபிஎஸ் லிங்க் அந்த நேரத்தில் காலியாகாமல் இருக்க வேண்டுமென்றால், வழியில் எந்நேரமும் 100 மெகாபிட், அதாவது 12.5 எம்பி தரவு பயணித்துக்கொண்டிருக்க வேண்டும். விண்டோ வெறும் 64 கேபியாக இருந்தால் கணக்குப் போட்டுப் பாருங்கள்: 100 மில்லி நொடிக்கு 64 கேபி, அதாவது 5.2 எம்பிபிஎஸ். லிங்க் எத்தனை ஜிபிபிஎஸ் ஆனாலும் 5.2தான். டிசிபியின் ஹெடரில் விண்டோவுக்கு 16 பிட் மட்டுமே ஒதுக்கியிருந்ததால் வந்த வரம்பு இது. 1992-இல் வந்த விண்டோ ஸ்கேலிங் நீட்டிப்பு அதை உடைத்தது. இன்றைய இயங்குதளங்கள் விண்டோவைத் தாமாகவே பெரிதாக்கிக்கொள்ளும். அதனால் மைனஸ் டபிள்யூ கொடுத்து விண்டோவைக் கையால் அமைப்பதை நான் பெரும்பாலும் தவிர்ப்பேன். லினக்ஸில் அதைக் கொடுத்தால் தானியங்கிச் சரிசெய்தல் அணைந்துவிடும். நல்லது செய்வதாக நினைத்து வேகத்தை நீங்களே கட்டிப்போட்டதாக முடியும்.

இழப்பும் தூரமும் சேர்ந்தால் இன்னும் மோசம். மேத்திஸ் உள்ளிட்டோர் 1997-இல் கொடுத்த சூத்திரம் ஒன்று உண்டு: டிசிபியின் வேகம் பயண நேரத்துக்கும், இழப்பு விகிதத்தின் வர்க்கமூலத்துக்கும் எதிர்விகிதத்தில் இருக்கும். பத்தாயிரத்தில் ஒரு பாக்கெட் தொலைகிறது என்று வையுங்கள். போய்வர 1 மில்லி நொடி என்றால் கிகாபிட் லிங்க் தாராளமாக நிரம்பும், யாருக்கும் எதுவும் தெரியாது. அதே இழப்பு, 100 மில்லி நொடி தூரம் என்றால் ஒரு டிசிபி இணைப்பு 14 எம்பிபிஎஸ் அளவில் நின்றுவிடும். லினக்ஸில் இயல்பாக இருக்கும் கியூபிக் என்ற நெரிசல் கட்டுப்பாட்டு முறை இந்தக் கணக்கைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தரும். கூகுள் 2016-இல் வெளியிட்ட பிபிஆர் இன்னும் நன்றாகத் தாங்கும், ஏனென்றால் அது ஒவ்வோர் இழப்பையும் நெரிசல் என்று எடுத்துக்கொள்வதில்லை. மைனஸ் பெரிய சி கொடுத்து, கெர்னலில் இருக்கும் முறைகளை மாற்றி மாற்றி ஓட்டிப் பார்க்கலாம். பக்கத்தில் அளந்தால் அருமையாக இருக்கும் லிங்க் தூரத்து சர்வரோடு மட்டும் படுத்துக்கொள்வதற்கு இதுதான் வழக்கமான காரணம். தூரத்து நிறுவனத்தையோ கடல் கேபிளையோ திட்டுவதற்கு முன் உங்கள் பக்கத்து வைஃபையும் கேபிளும் பாக்கெட்டைத் தொலைக்கின்றனவா என்று பாருங்கள்.

மைனஸ் பெரிய பி 4 என்று கொடுத்தால் நான்கு இணைப்புகள் இணையாக ஓடும். ஸ்பீட் டெஸ்ட் தளங்கள் பல இணைப்புகளைத் திறந்துதான் பெரிய எண்ணைக் காட்டுகின்றன. ஒன்றில் 40, நான்கில் 160 என்று வந்தால் லிங்கில் இடம் இருக்கிறது. தனி இணைப்பை இழப்போ விண்டோவோ தடுக்கிறது. ஒன்றிலும் 94, நான்கிலும் மொத்தம் 94 என்றால் லிங்கே அவ்வளவுதான். இந்த ஒப்பீடு ஒரு நிமிட வேலை, சொல்லும் சேதி நிறைய. 10 ஜிபிபிஎஸ்-க்கு மேல் அளப்பவர்கள் மட்டும் பதிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்: 3.16-க்கு முன்பு எத்தனை இணைப்பு திறந்தாலும் எல்லாம் ஒரே திரெட்டில், ஒரே சிபியு கோரில்தான் ஓடின. 3.16 முதல் ஒவ்வோர் இணைப்புக்கும் தனித் திரெட்.

நீண்ட தூரத்தில் டிசிபி வேகம் எடுக்கச் சில நொடி பிடிக்கும். மைனஸ் பெரிய ஓ 3 கொடுத்தால் முதல் மூன்று நொடியைக் கணக்கில் சேர்க்காது.

யுடிபி, அதாவது ஒப்புதலுக்குக் காத்திராமல் அனுப்பும் நெறிமுறை, வேறு உலகம். மைனஸ் யு போட்டதும் 1 எம்பிபிஎஸ் மட்டும் வந்து, ஐயோ என்று பதறுபவர்கள் உண்டு. யுடிபிக்குத் தானாக வேகம் கண்டுபிடிக்கும் அறிவு கிடையாது. நீங்கள் சொன்ன வேகத்தில் அனுப்பும், சொல்லாவிட்டால் 1 எம்பிபிஎஸ். மைனஸ் சின்ன பி 50 எம் என்று கேட்டால் 50-இல் அனுப்பும். முடிவில் பார்க்க வேண்டியது வேகத்தை அல்ல, ஜிட்டரையும் (பாக்கெட்டுகள் வந்துசேரும் நேரத்தின் ஏற்ற இறக்கம்) தொலைந்த பாக்கெட் சதவீதத்தையும். 50-இல் இழப்பு இல்லை, 80-இல் 0.1 சதவீதம், 95-இல் 6 சதவீதம் என்று படிப்படியாக ஏற்றிக்கொண்டு போனால் லிங்க் எங்கே உடைகிறது என்பது தெரியும்.

இதைவிடப் பயனுள்ள ஒரு சோதனை உண்டு. குரல் அழைப்பு வெட்டி வெட்டி வருகிறது என்ற புகாருக்கு முழு வேகத்தில் அளந்து பிரயோஜனம் இல்லை. அழைப்பு எப்படி இருக்குமோ அப்படியே அனுப்பிப் பார்க்க வேண்டும். ஜி.711 என்ற பழைய கோடெக் (குரலை எண்ணாக்கும் முறை) நொடிக்கு 50 பாக்கெட் அனுப்பும். ஒவ்வொன்றிலும் 160 பைட் குரல், நிகழ்நேரக் குரலுக்கான நெறிமுறையின் 12 பைட் ஆர்டிபி ஹெடர், மொத்தம் 172. எனவே மைனஸ் யு, மைனஸ் எல் 172, மைனஸ் பி 69 கே, மைனஸ் டி 300. ஐந்து நிமிடம் ஓட விட்டு, அந்த நேரத்தில் வேறொரு கணினியில் பெரிய ஃபைல் ஒன்றை அப்லோடு செய்யுங்கள். ஜிட்டர் 2 மில்லி நொடியிலிருந்து 60-க்குத் தாவினால் குற்றவாளி யார் என்று தெரிந்துவிடும். அழைப்பைக் கெடுப்பது பேண்ட்வித் பற்றாக்குறை அல்ல, ரவுட்டரின் பஃபரில் தேங்கி நிற்கும் வரிசை.

அந்த வரிசையை டிசிபி சோதனையிலும் பார்க்கலாம். ஐபெர்ஃப் ஓடும்போது பக்கத்து டெர்மினலில் பிங் ஓடட்டும். சும்மா இருக்கும்போது 8 மில்லி நொடி, ஐபெர்ஃப் ஓடும்போது 400 என்றால் லிங்க் வேகமானதுதான், ஆனால் பயன்படுத்த எரிச்சலானது. பஃபர்ப்ளோட் என்று இதைச் சொல்வார்கள். ரவுட்டரில் எஃப்கியூ-கோடல் போன்ற வரிசை முறை இருந்தால் அதை இயக்கிவிட்டு, அதே சோதனையை மறுபடி ஓட்டுங்கள். வேகத்தில் இம்மியளவு குறைந்து பிங் 15-இல் நிற்பதைப் பார்க்கலாம்.

கனெக்ட் ஆகாதபோது வரும் செய்தியைப் படித்தாலே போதும். கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு என்றால் அந்தக் கணினியைத் தொட்டுவிட்டீர்கள், சர்வர் ஓடவில்லை அல்லது போர்ட் வேறு. வெகுநேரம் காத்திருந்து டைம் அவுட் ஆனால் ஃபயர்வால் விழுங்குகிறது. சர்வர் பிஸி என்றால் வேறு யாரோ அதில் அளந்துகொண்டிருக்கிறார்கள். ஒரு சர்வர் ஒரு சமயத்தில் ஒரு சோதனையைத்தான் ஏற்கும். யுடிபி அளக்கும்போது டிசிபி 5201, யுடிபி 5201 இரண்டையும் திறக்க வேண்டும், ஏனென்றால் பேச்சுவார்த்தை எப்போதும் டிசிபியில்தான் நடக்கும். யுடிபியை மட்டும் திறந்துவிட்டுத் தவிப்பது வழக்கம்.

விண்டோஸ் பற்றி ஒரு வார்த்தை. ஐபெர்ஃப்3-ஐ எழுதியவர்கள் விண்டோஸை அதிகாரப்பூர்வமாக ஆதரிப்பதில்லை. கிடைக்கும் எக்ஸிகள் வேறு ஆட்கள் சிக்வின் என்ற இடைநிலை அடுக்கின் மேல் கட்டியவை. கிகாபிட் வரை ஒப்பேற்றலாம். அதற்குமேல் என்றால் மைக்ரோசாஃப்டின் என்டிடிடிசிபி கருவியை எடுங்கள், அல்லது இரண்டு கணினிகளையும் லினக்ஸ் லைவ் யுஎஸ்பியில் பூட் செய்து அளந்துவிடுங்கள். இரண்டாவது வழிக்கு இன்னொரு லாபம்: அங்கே வேகம் சரியாக வந்தால் வன்பொருளும் கேபிளும் சுத்தம், குற்றம் விண்டோஸ் பக்கத்து டிரைவரிலோ ஆன்டிவைரஸிலோ இருக்கிறது.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். முதலில் இரண்டு திசையிலும் ஒரு முறை. 94 வந்தால் ஈத்டூல், பிறகு கேபிளை ஒன்றொன்றாக மாற்றி, ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் அதே கட்டளை. ஒரே நேரத்தில் கேபிளையும் ஸ்விட்ச் போர்ட்டையும் மாற்றாதீர்கள். எது சரிசெய்தது என்று தெரியாமல் போய்விடும். 941 வந்தும் காப்பி 11-இலேயே நின்றால் என் ஊகம் பொய், நெட்வொர்க்கை விட்டுவிட்டு ஃபைல் சர்வரின் டிஸ்க்கையும் பகிர்வு அமைப்பையும் தோண்ட வேண்டும்.

இன்னொன்று: சர்வரை இணையத்துக்குத் திறந்து வைத்து அளக்கிறீர்கள் என்றால் மைனஸ் எஸ்-உடன் மைனஸ் 1 சேர்த்துத் தொடங்குங்கள், ஒரு சோதனை முடிந்ததும் தானே நின்றுவிடும். திறந்து கிடக்கும் ஐபெர்ஃப் சர்வரை யார் வேண்டுமானாலும் கண்டுபிடித்து உங்கள் டேட்டாவைத் தின்னலாம். ஒரு ஜிபிபிஎஸ்-இல் பத்து நொடிக்கே ஒரு ஜிபிக்கு மேல் போய்விடும். வாடகை சர்வரில் வெளியே போகும் டேட்டாவுக்குக் கட்டணம் உண்டென்றால், இரவு முழுவதும் ஓடிய சோதனைக்குப் பில் வரும். ஃபயர்வாலில் 5201-க்குப் போட்ட விதியையும் அன்றே எடுத்துவிடுங்கள்.